நீலத் தொட்டியும் நெசவாளர் கண்ணும்

நீலச் சாயம் தோய்க்கும் பட்டறையை அறியாத நெசவாளர் நம்மில் அரியர். தொட்டியில் முக்கிய நூற்சிட்டத்தை வெளியே எடுக்கும் கணத்தில் அது நீலமாக இராது. பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு நிறமாகத் தோன்றும். கொம்பில் மாட்டிப் பிழிந்து உதறியதும், காற்றுப் பட்ட இடமெல்லாம் பச்சை மாறி, கண்ணெதிரே நீலம் ஏறும். முன்னாளில் அவுரி நீலத்தோடு தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளிக்க வைத்துத் தொட்டி கட்டினார்கள். இன்று பெரும்பாலும் ‘ஹைட்ரோஸ்’ தூள் அவ்வேலையைச் செய்கிறது. முறை மாறினாலும் உட்பொருள் ஒன்றே. நீரில் கரையாத நீலத்தைக் கரையும் பொருளாக மாற்றி நூலுக்குள் புகவிடுகிறோம். பின்னர் காற்றிலுள்ள பிராணவாயு அதனை மீண்டும் கரையாத நீலமாக்கி, நூலுக்குள்ளேயே சிறை வைத்துவிடுகிறது. பிராணவாயு செய்யும் இந்த வேலைக்கு ரசாயன நூலார் ஆக்ஸிகரணம் என்று பெயரிட்டனர். இன்றைய பள்ளிப் புத்தகங்கள் ஆக்சிஜனேற்றம் என்கின்றன.

விவசாயிகளாகிய அங்கத்தினர்களுக்கு இதே சங்கதி வேறு உருவில் தெரியும். கடலை எண்ணெயைப் பாதி காலியான டின்னில் மூடாமல் வைத்தால், நாளடைவில் சிக்கு வாடை வீசத் தொடங்கும். எண்ணெயிலுள்ள கொழுப்பு பிராணவாயுவோடு சேர்ந்து சிதைந்ததன் அடையாளமே அவ்வாடை. நல்லெண்ணெய் மட்டும் அவ்வளவு விரைவில் கெடுவதில்லை. நம் பாட்டிமார் ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் ஊற்றியதற்குச் சுவை ஒரு காரணம். கெடாமை மற்றொரு காரணம். எள்ளில் இயற்கையாகவே அமைந்த சில பொருள்களும், அவற்றிலிருந்து உண்டாகும் ஸெஸமால் என்பதும் பிராணவாயுவின் தாக்குதலைத் தாம் முன்னின்று ஏற்று, எண்ணெயைக் காக்கின்றன. இத்தகைய பொருள்களை ஆக்ஸிகரணத் தடுப்பான்கள் எனலாம். மருந்துக் கடை டின்களின் மேல் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதும் இவற்றின் இனத்தையே.

அந்த டின்களின் பொருட்டே இக்கட்டுரை எழுத நேர்ந்தது. கரையான்சாவடியில், டிரங்க் ரோட்டின் நடுவே மெட்ரோ ரயில் தூண்கள் நிற்கின்றன; சாலையின் இரு மருங்கிலும் மருந்துக் கடைகளும் சத்துப் பொருள் விற்கும் கடைகளும் பெருகியுள்ளன. சுற்று வட்டார அங்கத்தினர் பலர் மளிகைக்கும் மருந்துக்கும் வந்து சேரும் இடம் இதுவே. என் சரகத்திலுள்ள நெசவாளர் சங்கம் ஒன்றின் முன்பணப் பேரேட்டைப் பார்வையிட்டபோது, ‘கண் மருந்து’ என்ற விவரத்துடன் அடுத்தடுத்துப் பல பற்றுகளைக் கண்டேன். பற்று வைத்தவர் யாவரும் வயது முதிர்ந்தோர். அன்று கூலிப் பட்டுவாடாவுக்கு வந்திருந்த ஒரு பெரியவரை அருகழைத்து, என்ன மருந்து என்று விசாரித்தேன். மடியிலிருந்து ஒரு டின்னை எடுத்துக் காட்டினார்.

“கண்ணுக்கு நல்லதுன்னு கடைக்காரர் சொன்னாருங்க ஐயா. மூணு மாசம் விடாம சாப்பிட்டா புரை தானா கரைஞ்சிடுமாம். இது ரெண்டாவது டின்.”

“டாக்டரிடம் காட்டினீர்களா, பெரியவரே?”

“காட்டினா ஆபரேஷன்னு சொல்லிடுவாங்களே!”

ஒரு டின்னின் விலை பருத்திச் சேலை ஒன்றின் நெசவுக் கூலியை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. அதைக் காட்டிலும் பெரிய நஷ்டம் மற்றொன்று உண்டு. நெசவாளரின் முதலீடு தறியன்று, கண்ணே. அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிவதும், அச்சில் இழை கோப்பதும், பழைய பாவோடு புதிய பாவைப் பிணைப்பதும் பார்வை மங்கியவரால் இயலாதவை. 60-ஆம் நம்பர் நூலில் சமாளிப்பவர் 100-ஆம் நம்பர் நூலில் தடுமாறுகிறார். துணியில் குறை விழுகிறது. கூலியில் பிடித்தம் விழுகிறது. இறுதியில் மகனோ மருமகளோ தறியில் அமர, பெரியவர் தார் சுற்றும் வேலைக்கு இறங்கி வருகிறார். மூன்று மாதம், ஆறு மாதம் என்று டின்னை நம்பிக் காத்திருக்கும் காலம் இப்படித்தான் கழிகிறது.

ஆகவே, ஆக்ஸிகரணம் உடம்பில் என்ன செய்கிறது, அதனைத் தடுக்கும் சத்துகள் எவ்வளவு தூரம் உதவும், எங்கே உதவமாட்டா என்பதை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்துகொள்வது நலம்.

உடம்புக்குள் ஒரு கைமாற்றுக் கணக்கு

மூச்சு விடுவதும் விறகு எரிவதும் அடிப்படையில் ஒரே வகைச் செயல் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர் 1780-களிலேயே நிலைநாட்டினார். நாம் உண்ணும் சோறும் எண்ணெயும் உடம்பின் உயிரணுக்களுக்குள் பிராணவாயுவோடு சேர்ந்து மெல்ல எரிகின்றன. அந்த எரிவினால் கிடைக்கும் சக்தியே தறியை மிதிக்கிறது, ஏரைப் பிடிக்கிறது. எனவே ஆக்ஸிகரணம் நமக்குப் பகையன்று. அது நின்றால் உயிர் நின்றுவிடும்.

ஆயினும் எந்த அடுப்பிலும் பொறி பறக்கும். உயிரணுக்களில் எரியும் பிராணவாயுவில் ஒரு சிறு பங்கு முழுதும் எரியாமல், ஓர் எலக்ட்ரான் குறைவுற்ற அல்லது தனித்து நிற்கும் நிலையில் வெளிப்படுகிறது. இத்தகைய துகள்களை ‘ஃப்ரீ ராடிகல்’ என்பர். எலக்ட்ரான்கள் இணை இணையாக இருந்தாலே அமைதி கொள்பவை. இணை இழந்த துகள் பக்கத்திலுள்ள மூலக்கூறிடமிருந்து ஒன்றைப் பறித்துத் தன் குறையைத் தீர்த்துக்கொள்கிறது. பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கிறது. தவணை நாள் வந்ததும் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டுபவரை நாம் அறிவோம். அந்தப் பக்கத்து வீட்டார் தம் தவணைக்கு அடுத்த வீட்டை நாட, தெரு முழுவதும் கடன் பரவுகிறது. உயிரணுவின் உறையிலுள்ள கொழுப்பு சிக்குப் பிடிப்பது இவ்வாறே. டின்னில் இருந்த கடலை எண்ணெய்க்கு நேர்ந்தது உடம்பிலும் நேர்கிறது.

இச்சங்கிலியை அறுப்பது எப்படி? பறிகொடுத்தும் பிறரிடம் பறிக்கப் போகாத ஒருவர் நடுவில் நிற்க வேண்டும். அவ்விடத்தில் நிற்பது வைட்டமின் ‘இ’. கொழுப்பில் கரையும் இச்சத்து தன் எலக்ட்ரானைக் கொடுத்துச் சங்கிலியை நிறுத்திவிட்டு, தான் வெறுங்கையாகிறது. அதற்கு வைட்டமின் ‘சி’ ஈடு கொடுக்கிறது. வைட்டமின் ‘சி’க்குக் குளூட்டாதயோன் என்ற மற்றொரு பொருள் கைகொடுக்கிறது, இதனை உடம்பே புரதத்தின் கூறுகளிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. தொடக்கச் சங்கத்துக்கு மத்திய வங்கியும், மத்திய வங்கிக்குத் தலைமை வங்கியும் நிதி அளிக்கும் நமது அமைப்பை இது ஒத்திருக்கிறது. ஏதேனும் ஒரு படியில் மட்டும் பணத்தைக் கொட்டி, மற்றப் படிகளைக் காலியாக விட்டால் அமைப்பு நடவாது என்பது கூட்டுறவாளருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதனைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

உடம்புக்குச் சொந்தமான காவல் வேறும் உண்டு. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக் கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-ல் ஒரு நொதிப் பொருளைப் பற்றி அறிவித்தனர். முழுதும் எரியாத அந்தப் பிராணவாயுவைப் பிடித்து அடக்குவதே அதன் தொழில். மாத்திரையாக விழுங்காமலே, ஒவ்வொருவர் உயிரணுவிலும் அது இரவு பகலாகப் பணி செய்கிறது.

இன்னொரு விந்தையும் சொல்லத்தக்கது. நூலை வெளுக்க நாம் வெளுப்புத் தூள் பயன்படுத்துகிறோம் அல்லவா? இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கு ஏறக்குறைய அதே இனத்து ரசாயனத்தைத் தம்முள் உண்டாக்கி, கிருமியின் மேல் பாய்ச்சுகின்றன. ஆக்ஸிகரணத்தை முற்றிலும் ஒழித்துவிட வேண்டும் என்ற வாதம் அரைகுறை அறிவின் வாதம் என்பது இதனால் விளங்கும். மிகுதிதான் கேடு. டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர் 1956-ல், முதுமைக்கே இந்தப் பொறிகள்தாம் காரணம் என்று ஒரு கொள்கையை வெளியிட்டார். அக்கொள்கை முழுவதும் மெய்ப்படவில்லை. ஆனால் டின் வியாபாரம் அதன் நிழலில்தான் செழித்தது.

வில்லையில் விழும் புரை

இனி, கண்ணுக்கு வருவோம். கருவிழிக்குப் பின்னே பளிங்கு போன்ற ஒரு வில்லை இருக்கிறது. அது வெறும் புரதமும் நீரும். அப்புரத இழைகள் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் அடுக்கப்பட்டிருப்பதாலேயே ஒளி தடையின்றி ஊடுருவுகிறது. பிரித்தறிய முடியாத நெருக்கத்தில் நெய்த சல்லாத் துணி என்று அதனை எண்ணிக்கொள்ளலாம்.

இவ்வில்லைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தோல் உதிர்ந்து புதிதாகிறது. இரத்த அணுக்கள் சில மாதங்களில் மாறிவிடுகின்றன. வில்லையின் நடுவிலுள்ள புரதமோ நாம் தாய் வயிற்றில் இருந்தபோது உண்டானது. அது வாழ்நாள் முழுவதும் மாற்றப்படுவதில்லை. 60 வயதுடையவரின் வில்லை நடுவில் 60 வயதுப் புரதமே இருக்கிறது. அங்கே இரத்தக் குழாயும் கிடையாது. வெயிலின் புற ஊதாக் கதிர் நாள்தோறும் அதன் மேல் படுகிறது. இத்தகைய இடத்தில் ஆக்ஸிகரணம் செய்யும் சேதம் துடைக்கப்படாமல் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். சேதமுற்ற புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. தெளிவு கெட்டு, வில்லை மஞ்சளித்து வெளுக்கிறது. முட்டையின் வெள்ளைக் கரு சூடு பட்டதும் பளிங்கு நிலை போய் வெண்மையாவதை அடுக்களையில் காண்கிறோம். காரணம் வேறாயினும், புரதம் திரண்டு ஒளியை மறைப்பது இரண்டிலும் ஒன்றே. இதுவே கண்புரை.

இயற்கை இவ்விடத்துக்குத் தனிக் காவல் போட்டிருக்கிறது. வில்லையைச் சுற்றியுள்ள நீரில் வைட்டமின் ‘சி’யின் செறிவு இரத்தத்தில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு. வில்லைக்குள்ளே குளூட்டாதயோன் நிறைந்திருக்கிறது. வயது ஏற ஏற, வில்லையின் நடுப்பகுதிக்கு அது போய்ச் சேருவது குறைகிறது. புரையும் அங்கேயே பெரும்பாலும் தொடங்குகிறது. நீரிழிவு, புகையிலை, ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதல் ஆகியவை புரையை விரைவுபடுத்தும். நம் நாட்டில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு மேற்பட்டோரில் பார்வை இழந்த 100 பேரில் 66 பேருக்குக் காரணம் கண்புரையே.

மாத்திரைக்கு வைத்த பரீட்சை

ஆக்ஸிகரணத்தால் புரை வருகிறது. தடுப்பான் உண்டால் புரை நிற்க வேண்டும். இந்த நியாயம் கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது. கடைக்காரர் பொய் சொன்னார் என்றும் நான் சொல்லமாட்டேன். அவரும் டின்னின் மேலுள்ளதைப் படித்தவரே. ஆனால் நியாயம் வேறு, பரீட்சை வேறு. வரவு செலவுத் திட்டத்தில் லாபம் காட்டிய சங்கம் ஆண்டு இறுதியில் நஷ்டம் காட்டுவதைக் கண்டவர்கள் நாம்.

முதல் பெரிய பரீட்சை ஃபின்லாந்தில் நடந்தது. அது கண்ணைப் பற்றியதன்று, நுரையீரல் புற்றுநோயைப் பற்றியது. புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, சிலருக்கு வைட்டமின் ‘இ’யும், சிலருக்குக் காரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினும், சிலருக்கு இரண்டும், சிலருக்குச் சத்தில்லாத வெறும் மாத்திரையும் 5 முதல் 8 ஆண்டுகள் வரை கொடுத்தனர். முடிவு 1994-ல் வெளிவந்தபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 100-க்கு 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரைக் கொண்டு நடந்த மற்றொரு பரீட்சையிலும் இத்தகைய விளைவே தெரிந்ததால், 1996 ஜனவரியில் குறித்த காலத்துக்கு முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். புகை பிடிக்கும் அங்கத்தினர் எவரேனும் இச்சத்துள்ள டின்னை வாங்குவாராயின், இவ்விரு பரீட்சைகளையும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கண்ணைப் பற்றிய பரீட்சையோ நம் மதுரையிலேயே நடந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் அயல்நாட்டு மருத்துவர்களுடன் சேர்ந்து, தென் தமிழ்நாட்டுக் கிராமவாசிகள் 798 பேரைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின், வைட்டமின் ‘சி’, வைட்டமின் ‘இ’ மூன்றும் சேர்ந்த மாத்திரை. மறு பகுதியினருக்குப் பார்வைக்கு அதே போன்ற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது, முடிவைக் கணிப்பவருக்கும் தெரியாது. 5 ஆண்டுகள் இது நடந்தது. ஆண்டுதோறும் மூன்று மருத்துவர்கள் தனித்தனியே ஒவ்வொருவர் கண்ணையும் சோதித்து மதிப்பிட்டனர். பாதியில் விட்டுப் போனோர் அதிகமில்லை. மாத்திரையையும் ஒழுங்காகவே உட்கொண்டனர். நம் கிராமத்து மக்களின் பொறுமைக்கு இது ஒரு சான்று.

2006-ல் அதன் முடிவு பிரசுரமாயிற்று. சத்து மாத்திரை உண்டவர்களின் புரையும் வளர்ந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களின் புரையும் வளர்ந்தது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை எதுவும் காணப்படவில்லை. இவர்கள் ஆகாரத்தில் இச்சத்துகள் குறைந்தவர்கள் என்பதை நினைக்க வேண்டும். மாத்திரையால் பலன் உண்டென்றால் இத்தகையோரிடமே அது முதலில் தெரிந்திருக்கும்.

வளர்வதைக்கூட நிறுத்தாத மாத்திரை, வளர்ந்த புரையைக் கரைக்கும் என்பது வீண் பேச்சு. வெந்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முயல்வதும் அதுவும் ஒன்றே.

நியாயத்தின் பொருட்டு ஒரு விலக்கையும் குறிப்பிட வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதி முதுமையில் சிதையும் நோய் ஒன்று உண்டு. அந்நோய் ஓரளவு முற்றியவர்களுக்கு, துத்தநாகமும் சில வைட்டமின்களும் சேர்ந்த குறிப்பிட்ட மாத்திரை நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று 2001-ல் அமெரிக்கப் பரீட்சை ஒன்று காட்டியது. அதே பரீட்சையில் புரைக்கு அம்மாத்திரை பயன்படவில்லை. கண் மருத்துவர் சோதித்து எழுதிக் கொடுத்தால் அதனை உண்பது முறை. கடையில் நின்று நாமே தேர்ந்தெடுப்பது முறையன்று. குழந்தைகளின் மாலைக்கண் வேறு விஷயம். அது வைட்டமின் ‘ஏ’ குறைவால் வருவது. அதற்குரிய மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிறார்கள்.

இரத்தம் சொன்ன சேதி

அப்படியானால் இச்சத்துகளுக்கும் கண்ணுக்கும் தொடர்பே இல்லையா? அவ்வாறும் சொல்லிவிட முடியாது. வடக்கே ஹரியானாவிலும் தெற்கே புதுச்சேரி வட்டாரத்திலும், 60 வயதும் அதற்கு மேலும் ஆன 5,638 பேரின் இரத்தத்தை எடுத்து வைட்டமின் ‘சி’ அளவைப் பார்த்தார்கள், கண்ணையும் சோதித்தார்கள். முடிவுகள் 2011-ல் வெளிவந்தன. இரத்தத்தில் அச்சத்து மிகுந்தவர்களிடம் புரை குறைவாகவும், அச்சத்து குறைந்தவர்களிடம் புரை மிகுதியாகவும் இருந்தது. வடக்கே 100-க்கு 74 பேரும், தெற்கே 100-க்கு 46 பேரும் வைட்டமின் ‘சி’ பற்றாக்குறை உடையவர்கள் என்ற செய்தியும் அப்போது வெளியாயிற்று. நெல்லியும் கொய்யாவும் விளையும் நாட்டில், முதியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இக்குறை! யாருக்குக் குறை மிகுதி என்றும் பார்த்தார்கள். வறியவர்கள், புகையிலை உபயோகிப்பவர்கள், விறகும் வறட்டியும் எரியும் அடுப்புள்ள வீட்டார் ஆகியோரிடம் அது மிகுந்திருந்தது.

மதுரையில் மாத்திரை தோற்றது; புதுச்சேரியில் சத்துள்ள இரத்தம் வென்றது. இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது? இரண்டு விளக்கங்கள் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றன. புரை 40 ஆண்டுகளாகச் சேரும் சேதம். 5 ஆண்டு மாத்திரை அதன் கடைசி அத்தியாயத்தில்தான் நுழைகிறது. மேலும், இரத்தத்தில் வைட்டமின் ‘சி’ நிறைந்தவர் அந்த ஒன்றை மட்டும் உண்டவரல்லர். அவர் கீரையும் பழமும் உண்டவர், பெரும்பாலும் புகையிலையை அண்டாதவர், அடுப்புப் புகையில் அதிகம் உழலாதவர். அவருடைய ஆகாரத்தில் தொடக்கச் சங்கம் முதல் தலைமை வங்கி வரை எல்லாப் படிகளுக்கும் நிதி இருந்திருக்கிறது. ஒரு டின் அந்த வாழ்க்கை முழுவதற்கும் பதிலாகாது. எனினும் இது இருவேறு செய்திகள் ஒருங்கே காணப்பட்டதேயன்றி, ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்பதற்கு முடிவான சான்றன்று. கொய்யா தின்றால் புரை வராது என்று நான் எழுதியதாக எவரும் பிரசாரம் செய்ய வேண்டா.

தட்டும் அடுப்பும்

ஆயினும் கொய்யாவைத் தின்பதற்கு வேறு நியாயங்களும் இருக்கின்றன. சோற்றோடு உண்ணும் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்க வைட்டமின் ‘சி’ துணை செய்கிறது. இரத்தச் சோகை மலிந்த நம் குடும்பங்களுக்கு அதுவே போதிய காரணம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வகுத்தபடி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் ‘சி’ தேவை. (இந்த நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில், பாஸ்டர் நிலையத்து அறை ஒன்றில், மக்காரிசன் என்பவரால் தொடங்கப்பட்டு, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது என்பது நம்மவர் பலர் மறந்துபோன செய்தி.) 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நெல்லிக்காய்க்குப் பழைய அட்டவணை 600 மில்லிகிராம் கொடுத்திருந்தது. 2017-ல் வந்த புதிய அட்டவணை 250 அளவே கொடுக்கிறது. குறைத்து மதிப்பிட்டாலும், ஒரு நெல்லிக்காயும் அரைக் கொய்யாவும் ஒரு நாளைக்குத் தாராளம். முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் 100 கிராமுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் உடையவை. அவற்றில் கரோட்டினும் நிறைந்துள்ளது. இயற்கையான ஆகாரத்தில் உள்ள அளவில் கரோட்டின் எவருக்கும் தீங்கு செய்வதில்லை.

வைட்டமின் ‘சி’ சூட்டுக்கும் நீருக்கும் காற்றுக்கும் தாங்காது. பிறரைக் காக்கத் தன்னையே கொடுப்பது அதன் இயல்பாதலின், அரிந்து வைத்த காயில் அது காற்றோடு போராடியே தீர்ந்துபோகிறது. கீரையை அரிந்த பின் அலசினால் சத்து நீரோடு போகும். ஆகவே அலசிய பின் அரிய வேண்டும். வெந்த நீரை வடித்துக் கொட்டுவதை நம் வீட்டுப் பெண்மணிகள் கைவிட வேண்டும். கொய்யாவும் நெல்லியும் பச்சையாக உண்ணத்தக்கவை என்பதே அவற்றின் தனிச் சிறப்பு.

கீரைப் பாத்தி போடும் அங்கத்தினர் வீடுகளில் நான் ஒரு வழக்கத்தைக் கண்டு வருந்துவதுண்டு. விடியற்காலையில் கட்டுக் கட்டாகக் கீரை சந்தைக்குப் போய்விடும். வீட்டில் காரக் குழம்பும் சோறும் மட்டுமே இருக்கும். விற்பதில் இரண்டு கட்டை நிறுத்திக்கொள்வதால் வருவாய் எவ்வளவு குறைந்துவிடும்? நெசவாளர் சங்கத்துக்கும் கீரை உற்பத்தியாளருக்கும் இடையே, கூலி நாளில் சங்க வாசலிலேயே விற்பனைக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகக் குழுவினர் ஆலோசிக்கத்தக்க ஒரு விஷயம். இடைத்தரகின்றி இரு தரப்பாருக்கும் நன்மை.

புகையிலையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பீடியின் ஒவ்வோர் இழுப்பிலும் எண்ணற்ற ஆக்ஸிகரணப் பொறிகள் உடம்பில் புகுகின்றன. சேமித்த வைட்டமின் ‘சி’ அவற்றுக்கு ஈடு கொடுத்தே கரைகிறது. மெல்லும் புகையிலையும் விதிவிலக்கன்று. அடுப்புப் புகையை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் எரிவாயு வந்துவிட்டது. ஆனால் சாயப் பட்டறையில் கொப்பரை காய்வது இன்னும் பல இடங்களில் விறகில்தான். தாழ்ந்த கூரையின் கீழ், கண் எரிய, நாள் முழுதும் அங்கே நிற்பவரின் நிலையை நிர்வாகக் குழுவினர் நினைத்துப் பார்க்கட்டும். கூரைக்கு மேலே உயர்ந்த புகைபோக்கி ஒன்று அமைக்க ஆகும் செலவு, ஓராண்டில் அங்கத்தினர் டின்களுக்குக் கொடுக்கும் பணத்தைவிட மிகையாக இராது என்பது என் கணிப்பு. வயலில் நிற்போர் தலைப்பாகையோடு நில்லாது, விளிம்பு அகன்ற பனையோலைத் தொப்பி அணிவது கண்ணுக்கு நிழல் தரும்.

புரை விழுந்தபின்

புரை விழுந்துவிட்டவருக்கு வழி ஒன்றே: சத்திர சிகிச்சை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, செயற்கை வில்லையை வைக்கிறார்கள். இங்கிலாந்தில் ரிட்லி என்ற மருத்துவர் 1949-ல் தொடங்கிய முறை இது. ஒரு காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்த அவ்வில்லையின் விலை ஏழைக்கு எட்டாததாயிருந்தது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை அமைத்து, வில்லையைச் சொற்ப விலையில் இங்கேயே செய்யலாயிற்று. அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசம். நம் பக்கத்தவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பஸ் தூரத்தில் இருக்கிறது. 1819-ல் தொடங்கிய அம்மருத்துவமனை ஆசியாவிலேயே மிகப் பழமையானவற்றுள் ஒன்று.

கரையான்சாவடிக்கு அடுத்த பூவிருந்தவல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், மத்திய அரசின் பயிற்சி மையமும் இருக்கின்றன. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு டிரங்க் ரோட்டைக் கடக்கும் மாணவர்களை நாம் காண்கிறோம். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தச் சத்திர சிகிச்சையாலும் பார்வை திரும்பாது. புரையால் பார்வை மங்கிய முதியவரின் நிலை அத்தகையதன்று. பெரும்பாலும் ஒரே நாளில் வீடு திரும்பி, சில வாரங்களில் அவர் மறுபடி பாவு பிணைக்கலாம்.

டின்னைக் காட்டிய பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “ஆபரேஷன் பண்ணினா எத்தனை நாள் தறியில உட்காரக் கூடாதுங்க ஐயா?” என்று கேட்டார். அக்கேள்வியில்தான் உண்மையான தடை இருக்கிறது. கத்தி பயம் பாதி. கூலி போய்விடும் என்ற பயம் மறு பாதி. கண்ணில் நீரும் தூசியும் படாமல் சில வாரங்கள் காத்துக்கொள்ள வேண்டும். எப்போது தறியில் அமரலாம் என்பதை மருத்துவரே கண்ணைப் பார்த்துச் சொல்வார். அந்நாள்களுக்குக் ‘கண் மருந்து’ முன்பணத்தை ‘கண் சிகிச்சைக் கால முன்பணம்’ என்று மாற்றிக் கொடுக்க உபவிதிகள் இடந்தருகின்றனவா என்பதை ஒவ்வொரு சங்கத்தின் செயலாளரும் பார்த்து, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம். இரண்டு கண்ணிலும் புரை உள்ளவர்களுக்கு ஒன்று ஆறிய பின்னரே மற்றொன்றைச் செய்வது வழக்கமாதலால், முன்பணத்தையும் இரு தவணையாக வகுப்பது பொருந்தும்.

மருத்துவமனைக்குப் போகும்போது ஆதார் அட்டையையும் குடும்ப அட்டையையும் கொண்டு போக வேண்டும். துணைக்கு வீட்டார் ஒருவர் செல்வது அவசியம். சோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கூசும். சர்க்கரை வியாதிக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்பவர்கள் அந்தச் சீட்டையும் எடுத்துச் செல்லவும். டின் வாங்கியவர்கள் அதையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டிவிடலாம்.